சீமீனுக்கு விட்டுக்கொடுத்த இடம்

“எத்தனை தடவை சொன்னே?”

“ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையும் அவ மறுத்தாளா?”

“முதல் தடவை மறுத்தா. ‘அதெப்படி, யல்தாதான் முதல்ல’ன்னா. நான் விடல. ரெண்டாவது தடவை நான் சொன்னதும், ‘உங்க கை வலிக்காம இருக்கட்டும், மஹ்நூஷ் ஜான்’னு நன்றி சொல்லிட்டுப் பேனாவை எடுத்துட்டா.”

“எடுத்துட்டாளா?”

“எடுத்துக் கையெழுத்தும் போட்டுட்டா.”

ஷாபூர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். “போயும் போயும் ஒரு இஸ்ஃபஹான்காரிகிட்டயா உபசாரம் பண்ணே? அவங்க ஊர்ல விருந்தாளி வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, ‘சாப்பிட்டுட்டுத்தானே வந்திருப்பீங்க’ன்னு கேட்பாங்க!”

“சிரிக்காதே, ஷாபூர்.”

“நான் எங்கே சிரிக்கறேன்? என் மூஞ்சி இங்க வந்ததிலிருந்து இப்படித்தான் இருக்கு.”

இவ்வளவையும் அவன் கிசுகிசுப்பாகத்தான் சொன்னான். கூடாரத்தின் நடுவே தொங்கிய பச்சைத் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்தான் சீமீனின் குடும்பம் இருந்தது. தார்ப்பாய் கண்ணுக்குச் சுவர், காதுக்கு ஒன்றுமில்லை. பதினான்கு மாதங்களாக இரண்டு குடும்பங்களும் ஒன்றின் இருமலை மற்றொன்று கேட்டுக்கொண்டு, கேட்காததுபோல் காலையில் நலம் விசாரித்துக்கொண்டு வாழ்ந்தன. ஷீராஸில் பதினோரு வருடம் டவுன் பஸ் ஓட்டிய ஷாபூருக்கு, மனைவியிடம் கோபப்படக்கூட இங்கே இடம் கிடைக்கவில்லை.

உள்கட்டிலில் அவர்களுடைய மகள் யல்தா இடது காதை மேலே வைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டு வயது. காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் வீங்கி, காதே கோப்பையின் பிடிபோல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. தலையணையில் மஞ்சளாகக் கறை. இரண்டு மாதமாகச் சீழ் வடிந்த காது, போன வாரம் திடீரென்று வடிவதை நிறுத்திவிட்டது. முகாம் டாக்டர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். “வெளியே வராதது உள்ளே போகும்” என்றார். உள்ளே என்றால் எங்கே என்று ஷாபூர் கேட்டதற்கு, அவர் தன் நெற்றிப்பொட்டை விரலால் தட்டிக் காட்டினார்.

அதன்பிறகுதான் யல்தாவின் பெயர் பட்டியலுக்குப் போனது. பட்டியல் என்பது நவுருத் தீவின் அந்த அகதி முகாமில் கடவுளுக்கு அடுத்தபடி. அகதி மனுவின் பட்டியல் ஒன்று. அதில் அவர்களுடைய பெயர் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவத்துக்கு வெளியே அனுப்பும் பட்டியல் இன்னொன்று. அதில் பெயர் வந்துவிட்டால் அலுவலரே தேடி வந்து கூப்பிடுவார்.

அப்படித்தான் அன்று, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அலுவலர் கெல்லி இரண்டு தாய்மாரையும் சேர்த்தே கூப்பிட்டாள். தொலைபேசியில் பாரசீக மொழிபெயர்ப்பாளர் ஒருவர்தான் கிடைத்திருந்தார், அதுவும் அரை மணி நேரத்துக்கு. ஆகவே ஒரே மேசை, ஒரே ஒலிபெருக்கி. குளிர்சாதனம் உறுமிய அந்த அறையில் கெல்லி தாளைப் பார்த்தபடி பேச, அதை எங்கோ மெல்போர்னில் காரை ஓரம் கட்டி நிறுத்தியிருந்த ஒரு ஆணின் குரல் பாரசீகத்தில் சொன்னது. அவருடைய காரின் திருப்ப விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை விமானத்தில் பிரிஸ்பேனுக்கு ஒரு குழந்தைக்கும் அதன் கூடத் தாய் தகப்பனில் ஒருவருக்கும் இடம் இருக்கிறது. யல்தாவையும் சீமீனின் மகன் பார்பதையும் டாக்டர் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். போகிறவர்களின் மற்ற குடும்பத்தினர் தீவிலேயே இருப்பார்கள். அடுத்த விமானம் எப்போது என்று இப்போது சொல்ல முடியாது. யார் தயார்?

மஹ்நூஷின் வாய் தானாகத் திறந்தது. “முதல்ல சீமீன் கானும் போகட்டும். பார்பத் வலியில துடிக்கிறான்.”

அதைச் சொல்ல அவள் யோசிக்கவே இல்லை. அன்புக்கு ஒரு ‘ஜான்’, மரியாதைக்கு ஒரு ‘கானும்’ என்று பெயரோடு ஒட்டியே பேசிப் பழகிய நாக்கு. வேண்டாம் என்றால் அது வேண்டாம் என்று ஆகிவிடாத ஊரில் பிறந்தவள் அவள். அங்கே தேநீர் நீட்டினால் முதலில் மறுக்க வேண்டும். மறுத்தால் மறுபடி நீட்ட வேண்டும். வாசலில் இரண்டு பேர் சந்தித்தால் ‘நீங்கள் முதலில்’ என்று ஒருவரை ஒருவர் தள்ளி, கடைசியில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நுழைவார்கள். வாடகைக்காரின் ஓட்டுநர்கூட ‘காசெல்லாம் எதுக்கு, நீங்க நம்ம ஆள்’ என்பார். அதை நம்பி இறங்கிப்போகிறவனைத் தெருமுனைவரை துரத்திப் பிடிப்பார். கொடுப்பதும் மறுப்பதும் ஒரு பந்து. அது திரும்பி வரும் என்பது விதி. சீமீன் ஒருமுறை திருப்பி அனுப்பினாள். மஹ்நூஷ் மறுபடி வீசினாள். இன்னொரு முறை சீமீன் மறுத்திருந்தால், ‘உங்க விருப்பத்தை மீற முடியுமா’ என்று தலைகுனிந்து வாங்கிக்கொண்டிருப்பாள்.

சீமீன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு தாள் மஹ்நூஷின் பக்கம் நகர்ந்தது. ‘தற்போதைக்கு இந்தப் பயணத்தை நான் ஏற்கவில்லை’ என்று குரல் படித்தது. அதற்கும் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி கண்ணீரோடு நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது, ‘நான் சும்மா சொன்னேன்’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் ஷாபூரிடம் சொல்லவில்லை. ‘மற்ற குடும்பத்தினர் தீவிலேயே’ என்று அந்தக் குரல் சொன்னபோது அவள் பயந்தாள். போன வருடம் குழந்தையோடு போன ஒருத்தி இன்னும் அங்கேயே இருந்தாள். அவள் கணவன் இங்கே வேலிக் கம்பியைப் பிடித்தபடி நின்றே நரைத்துப்போனான். அந்த ஒரு நொடிப் பயம்தான் உபசாரத்தின் வேஷம் போட்டுக்கொண்டு வாயில் ஏறியதோ? அவளுக்கே தெரியவில்லை.

“அவ வருவா,” என்றாள் மஹ்நூஷ். “சாயங்காலத்துக்குள்ள வந்துடுவா. ‘மனசு கேக்கல, மஹ்நூஷ் ஜான், நீங்களே போங்க’ன்னு வந்து நிப்பா பாரு. அப்ப நான் உபசாரம் பண்ண மாட்டேன்.”

“பண்ணாம இருந்துடுவியா நீ?” என்றான் ஷாபூர்.

அவள் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய், காகிதக் கோப்பைகளில் இரண்டு தேநீர் வாங்கி வந்து தார்ப்பாய் ஓரமாக வைத்தாள். வருகிறவளுக்குக் கொடுக்க. தேநீர் ஆறியது. அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பைகள் சரசரத்தன. பார்பதின் மெல்லிய குரல் கேட்டது: “அம்மா, அங்க நாய் இருக்குமா? தொடலாமா?” சீமீன் சொன்ன பதில் கேட்கவில்லை.

பதிலாக, மூன்று கூடாரம் தள்ளியிருந்த அக்தஸின் குரல் கேட்டது. வாழ்த்துச் சொல்ல வந்திருந்தாள். அக்தஸுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. “கண்ணு படக் கூடாது, சீமீன்! உப்பைச் சுத்திப் போடு. ஆனா மஹ்நூஷ் மாதிரி ஒருத்தியை எங்க பார்க்க முடியும், சொல்லு? பெத்த பிள்ளைக்கு வந்ததை எடுத்து நீட்டிட்டாளே! நானா இருந்தா பல்லால கடிச்சுப் பிடிச்சிருப்பேன். ஷீராஸ்காரங்களுக்கு மனசு பெருசுன்னு சொல்வாங்க. மூளை எந்த அளவுன்னு யாரும் சொன்னதில்ல.”

சீமீன் சிரிக்கவில்லை. அதை மஹ்நூஷ் கவனித்தாள். சிரிக்கவில்லை என்பதில் கொஞ்சம் நம்பிக்கையும் வைத்தாள்.

புதன்கிழமை விடிந்தபோது யல்தாவின் உடம்பு அடுப்புக்கல்லாக இருந்தது. மருத்துவக் கூடாரத்தில் செவிலி வெப்பமானியைப் பார்த்துவிட்டு, முப்பத்தொன்பது புள்ளி நாலு என்று எழுதி, இரண்டு வலி மாத்திரை கொடுத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள். அந்தத் தீவில் எந்த நோய்க்கும் முதல் மருந்து தண்ணீர்தான். அதைப் பிடிக்கத்தான் அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும்.

“அம்மா,” என்றாள் யல்தா, “நீ பேசறது தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு.”

“எந்தக் காதுலம்மா?”

“ரெண்டுலயும்.”

இதுவரை ஒரு காதில்தான் அப்படி. மஹ்நூஷ் எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். ஷாபூரைப் பிள்ளையிடம் உட்காரவைத்துவிட்டு அலுவலகக் கொட்டகைக்கு நடந்தாள். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த சரளைக்கற்கள் வெயிலில் கண்ணைக் குத்தின. காத்திருந்து, தன் முகாம் எண்ணைச் சொல்லி, மறுபடி காத்திருந்து, உள்ளே போனபோது மூன்று மணி பத்து நிமிடம். சுவர்க்கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டாள்.

கெல்லி நல்ல பெண்தான். மேசைமேல் தன் பூனையின் படத்தை வைத்திருந்தாள். தொலைபேசியை அழுத்தி, எண்ணைச் சொல்லி, ஒலிபெருக்கியைத் திறந்தாள். அதே ஆண் குரல். இந்த முறை டிக் டிக் இல்லை. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் ஓடியது.

“சொல்லுங்க, என்ன உதவி வேணும்னு கேக்கறாங்க,” என்றது குரல்.

மஹ்நூஷ் ஆரம்பித்தாள். கெல்லியின் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கேட்டாள். அவளுடைய உடல்நலம் விசாரித்தாள். தன்னால் எல்லோருக்கும் தொல்லை என்றாள். குரல் எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கியது. கெல்லி தலையாட்டி, மணிக்கட்டைப் பார்த்தாள்.

“நேத்து நான் வேண்டாம்னு சொன்னது...” மஹ்நூஷ் பூனைப் படத்தைப் பார்த்தாள். “அது மரியாதைக்குச் சொன்னது. எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம். எங்களுக்கு... எங்களுக்கும் அந்த இடம் தேவையா இருக்கலாம்.”

கெல்லி நெற்றியைச் சுருக்கினாள். “தேவையா இருக்கலாமா, தேவையா?”

“உங்களுக்குச் சிரமம் இல்லாட்டி.”

“சிரமத்தைப் பத்தி நான் கேக்கல, மஹ்நூஷ்.”

“தேவை,” என்றாள் மஹ்நூஷ். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, துணி விலகியதுபோல முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

கெல்லி திரையைப் பார்த்தாள், தாளைப் புரட்டினாள். பட்டியல் ஐந்து மணிக்குப் போய்விடும். ஒப்புக்கொண்ட குடும்பத்தின் பெயரைத் தன்னால் எடுக்க முடியாது. இன்று ஐந்துக்குள் அந்தக் குடும்பமே வந்து, இந்த முறை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அதே வரிசையில் இருக்கிற அடுத்த பெயர் தானாக ஏறும். ரெண்டு பேரையும் அனுப்பக் கூடாதா என்று கேட்டாள் மஹ்நூஷ். “ஒரு இடம்தான் குடுத்திருக்காங்க” என்றாள் கெல்லி. யார் கொடுத்தது என்பது அவளுக்கும் தெரியாததுபோலத்தான் இருந்தது. அந்த விதி எழுதிய தாளை அச்செடுத்து வருகிறேன் என்று எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள்.

மஹ்நூஷ் தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். “ஐயா, நீங்களும் நம்ம ஆள்தானே?”

குழாய் நின்றது. “அம்மா, அவங்க இல்லாதப்ப நாம பேசக் கூடாது.”

“ஒண்ணே ஒண்ணு. நேத்து நான் சொன்னதைக் கேட்டீங்களே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, அது உபசாரம்னு?”

மறுமுனையில் நீண்ட மூச்சு. “தெரியும்.”

“அப்ப ஏன் அவங்ககிட்டச் சொல்லல?”

“நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, நான் வேண்டாம்னு சொன்னேன். ‘வேண்டாம்னு சொல்றாங்க, ஆனா மனசுக்குள்ள வேணுமாம்’னு நான் சொல்ல ஆரம்பிச்சா, நாளைக்கு ஒருத்தர் நிஜமாவே வேண்டாம்னு கத்தினாலும் இவங்க கேக்க மாட்டாங்கம்மா.” குரலைத் தாழ்த்தி, “ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. சத்தியமா,” என்றார்.

“உங்க தூக்கத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க,” என்றாள் மஹ்நூஷ். சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே அறையவேண்டும்போல இருந்தது.

கெல்லி தாளோடு வந்தாள். மூன்று மணி நாற்பது.

கூடாரத்தில் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் சீமீனும் பார்பதும் இல்லை. சீமீனின் கணவன் தாயக்கட்டைப் பலகையை மூடிவைத்து அதன்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு பிளாஸ்டிக் பைகள் வாய் கட்டி நிறுத்தப்பட்டிருந்தன.

“நான் போய் அவனை எழுப்பிக் கேக்கட்டுமா?” என்றான் ஷாபூர். யல்தாவின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப்போட்டபடி கேட்டான்.

“அவன்கிட்டக் கேட்டா, ‘என் தலையும் உங்களுதுதான், எடுத்துக்கோங்க’ன்னு சொல்லுவான். அப்புறம் திரும்பிப் படுத்துடுவான். கையெழுத்துப் போட்டவ அவதான்.”

“அப்ப ஓடு. மஹ்நூஷ், கேளு. பதில் சொல்ற இடத்துல நீ நிக்கல, கேக்கற இடத்துல நிக்கற. ஞாபகம் வெச்சுக்கோ.”

குளியல் வரிசையில் சீமீன் இல்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் இல்லை. பள்ளிக்கூடக் கூடாரத்தின் பின்பக்கம் எட்டிப்பார்த்தாள், அங்கும் இல்லை. உள்வாசலில் காவலுக்கு நின்ற தெரேசியா நிழலுக்காகத் தலையில் ஒரு கோப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கிரிபாட்டித் தீவிலிருந்து பாஸ்பேட் சுரங்க வேலைக்கு வந்த தாத்தாவின் பேத்தி. இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம். அது போதுமானதாக இருந்தது.

“உங்க பக்கத்து வீட்டம்மாவா? காலையிலிருந்து பார்க்கறேன், நீங்க இந்தப் பக்கம் வந்தா அவங்க அந்தப் பக்கம் போறாங்க. சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல. நான் அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

தெரேசியா சிரித்தாள். “அப்ப ஒளியத்தான் செய்வாங்க! எங்க ஆளுங்ககிட்ட ஒருத்தர் நேரா வந்து வாயைத் திறந்து கேட்டுட்டா, இல்லைன்னு சொல்ல முடியாது. சொன்னா அவமானம். போன மாசம் என் சித்தப்பா மகன் என் மோட்டார் சைக்கிளைக் கேட்டான்.”

“குடுத்துட்டீங்களா?”

“குடுத்துட்டேன். இப்ப நடந்து வரேன். அதனாலதான் அவன் தூரத்துல வர்றப்பவே எங்கம்மா கத்துவா, எல்லாரும் பின்வாசல் வழியா ஓடிடுவோம். ஆள் கண்ணுல படலைன்னா எப்படிக் கேப்பான்?”

மஹ்நூஷுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளிகிறாள் என்றால் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள். நேற்று முழுக்க, சாயங்காலம் வருவாள், விடிந்தால் வருவாள் என்று ஆறிய தேநீரைக் காவல் காத்தது நினைவுக்கு வந்து முகம் எரிந்தது.

“எந்தப் பக்கம் போனாங்க?”

தெரேசியா அட்டையால் துணி துவைக்கும் கொட்டகையைக் காட்டினாள்.

அதன் பின்னால், இயந்திரங்களின் வெந்நீர் வழிந்தோடும் மெல்லிய நிழல் பட்டையில், கவிழ்த்துப் போட்ட பால் கூடை ஒன்றின்மேல் சீமீன் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது பார்பத் அவள் மடியில் குறுக்கே படுத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கியிருந்தான். ஒரு கை தொடையிடுக்கை அழுத்திப் பிடித்திருந்தது. அங்கே ஒரு எலுமிச்சை அளவுக்குக் குடல் இறங்கியிருந்தது.

மஹ்நூஷைக் கண்டதும் சீமீன் பையனை இறக்கிவிட்டு எழுந்தாள்.

“மஹ்நூஷ் ஜான்! வெயில்ல நிக்கறீங்களே. வாங்க, இதுல உட்காருங்க.”

“இல்ல, நீங்க உட்காருங்க. பிள்ளைக்கு முடியல.”

“ஐயோ, நீங்க நிக்க, நான் உட்கார்றதா?”

“பரவாயில்ல, நான் இப்பதான் உட்கார்ந்துட்டு வந்தேன்.”

“என் மேல சத்தியமா, உட்காருங்க.”

கடைசியில் இருவரும் நின்றார்கள். கூடை காலியாகக் கிடந்தது. பார்பத் தாயின் காலைக் கட்டிக்கொண்டு கூனி நின்றான்.

“யல்தா எப்படி இருக்கா?” என்றாள் சீமீன், தரையைப் பார்த்து.

‘உங்க புண்ணியத்துல நல்லா இருக்கா’ என்பது மஹ்நூஷின் பல்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“முப்பத்தொன்பது புள்ளி நாலு. இன்னொரு காதும் அடைச்சிருக்கு.”

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுழன்று நின்றது.

“நேத்திலிருந்து உங்களுக்காகக் காத்திட்டிருக்கேன்.”

“மூட்டை கட்டற வேலை...”

“ரெண்டு பைக்கு ரெண்டு நாளா, சீமீன் கானும்?”

சீமீன் நிமிர்ந்தாள். அவள் கண்ணைச் சுற்றி இரண்டு நாளில் கருவளையம் இறங்கியிருந்தது. இஸ்ஃபஹானில் பேக்கரி வைத்திருந்தவள். கையில் எதுவும் இல்லாதபோதும் விரல்கள் மாவு பிசைவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். இப்போது அவை பார்பதின் முடிக்குள் அசைந்தன.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “நீங்க சொன்னப்பவே தெரியும். ரெண்டாவது தடவை சொன்னப்ப உங்க குரல் நடுங்குச்சு. இன்னொரு தடவை நான் மறுத்தா நீங்க வாங்கிக்குவீங்கன்னு தெரிஞ்சுதான் பேனாவை எடுத்தேன். எங்கம்மா மட்டும் பார்த்திருந்தா என் கையை ஒடிச்சிருப்பா.”

“நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல.”

“சொல்லுங்களேன். சொன்னா எனக்கு ஆறுதலா இருக்கும்.” சீமீன் பார்பதின் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். “இறங்கின குடல் சிக்கிக்கிட்டா, ஆபரேஷனுக்கு நாலு மணி நேரம்தானாம். டாக்டர் விரலை விட்டு எண்ணிக் காட்டினார். இங்கிருந்து விமானம் போய்ச் சேரவே அஞ்சு மணி நேரம் ஆகும். அவன் தும்மினா எண்ண ஆரம்பிக்கறேன். சிரிச்சா எண்ண ஆரம்பிக்கறேன். பிள்ளையைச் சிரிக்காதேன்னு சொல்றேன், மஹ்நூஷ் ஜான். எந்தத் தாயாவது சொல்வாளா?”

பார்பத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “மஹ்நூஷ் சித்தி, யல்தாவுக்கு நான் அங்கிருந்து நாய் படம் அனுப்புவேன்,” என்றான்.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்று அவளுடைய மொழியில் எத்தனையோ வாக்கியங்கள் தயாராக இருந்தன. உங்க பிள்ளையும் என் பிள்ளையும் வேறயா. கடவுள் பெரியவர். போய்ட்டு நல்லபடியா வாங்க. ஒவ்வொன்றும் நாக்கின் நுனியில் வந்து வரிசையில் நின்றது. பையனின் வெளிறிய உதட்டைப் பார்க்கப் பார்க்க, அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. ஊரே மெச்சும். அக்தஸ் கூடாரம் கூடாரமாகப் போய்ச் சொல்வாள். அதற்குள் யல்தாவின் காதுக்குப் பின்னால் இருக்கிற அந்த வீக்கம் தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

கொட்டகைச் சுவரின் திறப்பு வழியாக உள்ளே இருந்த கடிகாரம் தெரிந்தது. நாலு முப்பத்தைந்து. அலுவலகத்துக்கு வேகமாக நடந்தால் ஆறு நிமிடம். பார்பதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பத்து.

அவள் ஒரு அடி முன்னால் வந்து, சீமீனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கெஞ்சுகிறவள் பிடிப்பதுபோல அல்ல. கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடாமல் பிடிப்பதுபோல.

“சீமீன்,” என்றாள். “எனக்கு அந்த இடம் வேணும். நேத்துக் குடுத்தது வாய் குடுத்தது. இப்ப நான் கேக்கறேன். பார்பதுக்கு என்ன ஆகலாம்னு தெரிஞ்சேதான் கேக்கறேன். அஞ்சு மணிக்கு இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு. என்கூட வா. வந்து, வேண்டாம்னு எழுதிக் குடு.”